பாலத்து நடுவில் இறங்கிய தலைவர்

“மாகாணத் தலைவருக்கு என்னம்மா வேலை?”

பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு கல்லூரியில் சேர நேர்காணலுக்குப் போனபோது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. “சட்டத்துல கையெழுத்துப் போடுவாங்க சார். கூட்டம் நடத்துவாங்க. புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுவாங்க” என்று இழுத்தேன். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டார். “ரிப்பன் வெட்டறதுக்கு எதுக்கும்மா தேர்தல்? ஒரு தையல்காரரைக் கூப்பிட்டாப் போதாதா?” பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அப்போது மாகாணத் தலைவராக இருந்தவர் என் பெரியம்மா. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள்.

பெரியம்மா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊரில் அவருக்குப் பெயர் ‘விசில்’. அவர் விசில் ஊதினால் பஸ் நிலையத்தின் அந்தக் கோடியில் தூங்கும் நாய்கூட எழுந்து நிற்கும் என்பார்கள். கண்டக்டர்கள் சங்கத்தில் ஒரு வருடம் தேர்தலில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. பெரியம்மாவை நிறுத்தினார்கள். ஜெயித்தார். ஜெயித்து ஜெயித்துக் கடைசியில் மாகாணத்துக்கே தலைவராகிவிட்டார். எப்படி என்று கேட்டால், “இந்த ஊர்ல பாதிப் பேரை ‘உள்ள போ, உள்ள போ’ன்னு நான் தள்ளியிருக்கேன். அவங்கள்லாம் சேர்ந்து ஒரு தடவை என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க” என்பார்.

அலுவலகத்தில் அவருடைய அறை எங்கள் வீட்டைவிடப் பெரியது. பச்சைக் கம்பளம், கண்ணாடி போட்ட மேசை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். நாற்காலிதான் மோசம். உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கூட்டம் தொடங்கும்போது நிமிர்ந்து தெரியும் பெரியம்மா, முடியும்போது மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார். புது நாற்காலி வாங்கலாம் என்று செயலாளர் சொன்னார். “வேணாம். ரொம்ப நேரம் பேசறேன்னு இது ஒண்ணுதான் எனக்கு ஞாபகப்படுத்துது” என்று சொல்லிவிட்டார்.

காருக்கும் ஒரு கதை உண்டு. பெரியம்மாவோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர்தான் இப்போது தலைவர் காரையும் ஓட்டினார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பழக்கதோஷம், எந்த பஸ் ஸ்டாப்பைக் கண்டாலும் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். கொடி கட்டிய அரசாங்கக் கார் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மெதுவாகிப் போகும். ஊரே கேலி செய்தது.

இனி ஒரு மசோதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாகாணத்தின் ஓரத்தில், மலை அடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. அங்கே போகும் பஸ்களில் கூட்டம் குறைவு என்று சொல்லி, எல்லாவற்றையும் நிறுத்திவிட மாகாண அவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தலைவர் கையெழுத்துப் போட்டால் அது சட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் அவைக்கே திரும்பிப் போய்விடும். மறுபடி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும். மசோதாவுக்கு ஆதரவாக அவ்வளவு பேர் அவையில் இல்லை.

துணைத்தலைவர் ஒரு வக்கீல். அவரும் தனியாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர், பெரியம்மாவுக்கு எதிர்க் கட்சி. மசோதா அவருடையதுதான். “திரும்பி வரும்போது பஸ் காலியா வருதும்மா. காலி பஸ்ஸை ஓட்டறது நியாயமா?” என்று கேட்டார்.

“காலியாத்தான் வரும். ஏறினவங்களை வீட்டு வாசல்ல எறக்கிட்டு வேற எப்படி வரும்?” என்றார் பெரியம்மா.

அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எங்கள் மாகாணத்தில் ஒரு பழைய விதி உண்டு. தலைவர் எல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து, திரும்பி வரும்வரை, துணைத்தலைவர்தான் தலைவர். போன் இல்லாத காலத்தில் எழுதிய விதி. யாரும் மாற்றவில்லை. எல்லை ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தலைவர் கார் பாலத்தில் ஏறியதும் இந்தப் பக்கக் காவல் சாவடியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் போகும். உடனே கூரையில் இருக்கும் கொடியை இறக்குவார்கள். தலைவர் வந்து வாசலில் நின்றால்தான் மறுபடி ஏற்றுவார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் கூரையைப் பார்த்துத் தலைவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

“முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாப் போச்சே பெரியம்மா, அப்புறம் எங்க வேணா போலாமே” என்று கேட்டேன்.

“எழுதியாச்சுடி வாலு. ஆனா கெடு முடியற வரைக்கும் நாற்காலியில இருக்கிறவர் மனசு மாறலாம்னு இருக்கு. நான் தாண்டினா நாற்காலி அவருது. மனசும் அவருது.”

அந்த வாரம் பெரியம்மாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழைப்புகளைப் பார்க்க வேண்டுமே! ஒரு சங்கம் விருது தருகிறேன் என்றது. ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு வாருங்கள் என்றது. “இத்தனை நாள் எங்க இருந்தாங்க இவங்கள்லாம்?” என்று பெரியம்மா சிரித்தார். எதற்கும் போகவில்லை.

ஆனால் அவருடைய ஒரே மகளும் அந்தப் பக்கம்தான் இருந்தாள். கல்யாணமாகி அங்கே போனவள், எனக்கு அக்கா. நிறைமாதம். பெரியப்பா முன்னாலேயே போய் அங்கே தங்கிவிட்டார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியப்பாவிடமிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. “வலி வந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணணும்கறாங்க. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

பெரியம்மா கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அம்மாவும் நானும் ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பெரியம்மா எழுந்துவிட்டார். துணைத்தலைவர் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போங்கம்மா, பெத்த பொண்ணு. இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துப்பீங்கங்கறதுதான் எனக்குப் பயமே” என்றார் பெரியம்மா. ஆனாலும் காரில் ஏறினார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். போவதற்காகத்தான் ஏறினார். மனதில் வேறு திட்டம் எதுவும் இல்லை.

முன் சீட்டில் நான். பின்னால் பெரியம்மாவும் அம்மாவும். டிரைவர் மாமா அன்றைக்கு வேகமாகத்தான் ஓட்டினார். ஆனால் பாலத்துக்கு முன்னால் உள்ள ஸ்டாப் வந்ததும் வழக்கம்போல அவர் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. ஸ்டாப்பில் நின்ற ஒருவர் பஸ் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். கார் என்று தெரிந்ததும் வெட்கத்தோடு அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார். பெரியம்மா திரும்பி, பின் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலத்தில் ஏறினோம். வெள்ளைக் கோடு தூரத்தில் தெரிந்தது.

“நிறுத்து” என்றார் பெரியம்மா.

மாமா நிறுத்தினார். அம்மா பதறினார். “என்னக்கா?”

“நான் எறங்கறேன். நீ போ.”

“பைத்தியமா உனக்கு? அங்க கெடக்கிறது உன் பொண்ணு.”

“நீ வளத்த பொண்ணு. நான் டூட்டிக்குப் போனப்ப எல்லாம் அவ உன் மடியிலதானே கெடந்தா.”

“அதுக்காக? இன்னைக்கும் நானா போகணும்? இன்னைக்கும் உனக்கு பஸ்ஸா?”

பெரியம்மா கார்க் கதவைத் திறந்தார். “ஆமா. இன்னைக்கும் பஸ்தான்” என்றார்.

“அவ கேட்டா நான் என்ன சொல்றது?”

“உள்ளதைச் சொல்லு. பாலம் வரைக்கும் வந்தா, அதுக்கு மேல வரலைன்னு சொல்லு.”

“மன்னிக்க மாட்டாக்கா.”

“தெரியும்.”

பெரியம்மா இறங்கினார். நானும் இறங்கிவிட்டேன், ஏன் என்று தெரியாது. அவரைத் தனியாக விட முடியவில்லை. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “விசில், நல்லா யோசிச்சுக்கோ” என்றார். பெரியம்மா காரின் கூரையில் இரண்டு தட்டு தட்டினார். “போலாம், ரைட்!” குரல் மட்டும் உடைந்திருந்தது. கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சாவடிக்கு நடந்து வந்தோம். எங்களைப் பார்த்ததும் காவலருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா! நீங்க... காரு போச்சே!”

“காரு போச்சு. நான் போகல.”

“தாண்டிட்டாங்கன்னு போன் பண்ணிட்டனே! எப்பவும் காரைப் பாத்ததும் பண்றதுதானேம்மா. உள்ள யாருன்னு யாரு பாக்கறா?”

பெரியம்மா செயலாளருக்குப் போன் செய்தார். அந்த மனிதர் பத்து வார்த்தை பேசும் இடத்தில் இரண்டுதான் பேசுவார். “கொடி எறங்கிடுச்சும்மா. அவர் உங்க ரூமுக்குப் போயிட்டார். ஏத்தணும்னா நீங்க வாசல்ல வந்து நிக்கணும். அஞ்சுக்குள்ள. இல்லேன்னா அவர் கையெழுத்துதான் நிக்கும். போன்ல நின்னா செல்லாது.”

எங்களிடம் கார் இல்லை. காவலரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அப்போதுதான் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் வந்தது. மசோதா நிறுத்தச் சொன்ன பஸ்களில் அதுவும் ஒன்று.

கண்டக்டர் ஒரு இளைஞன். பெரியம்மாவைப் பார்த்ததும் விசில் வாயிலிருந்து கீழே விழுந்தது. சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த காய்கறிக்காரம்மா மட்டும் அசரவில்லை. “என்ன விசிலு, காரு ரிப்பேரா?”

“காரு நல்லா இருக்கு. நான்தான் ரிப்பேர். தள்ளி உக்காரு.”

பெரியம்மா இரண்டு டிக்கெட் வாங்கினார். பையன் வேண்டாம் என்றான். “டிக்கெட் குடுக்காம ஆளை ஏத்தினா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, தெரியுமில்ல?” என்று அவர் அதட்டியதும் கிழித்துக் கொடுத்தான். என்ன விஷயம் என்று எல்லோரும் கேட்டார்கள். பெரியம்மா ஒளிக்காமல் சொன்னார். மகள் ஆபரேஷனில் இருப்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

“நேராப் போயிடலாம் மேடம்” என்றான் கண்டக்டர். “ஸ்டாப் எதுவும் வேணாம். டிரைவர் அண்ணன்கிட்ட சொல்றேன்.”

“ஸ்டாப்ல ஆள் நிப்பாங்களா?”

“நிப்பாங்க. ஆனா...”

“அப்ப நிறுத்து.”

“அஞ்சு மணி ஆயிடும் மேடம்!”

“ஆகட்டும். எல்லா ஸ்டாப்லயும் பஸ் நிக்கணும்னுதான் நான் எம் பொண்ணை விட்டுட்டு வந்திருக்கேன். இப்ப நானே தாண்டிப் போனா, அந்தக் கையெழுத்தை நானே போட்ட மாதிரி.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது என்ன பிடிவாதம் என்று கோபமும் வந்தது. ஆனால் அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் நடந்ததை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. நிற்பதற்கு முன்னாலேயே இறங்க வேண்டியவர்கள் படியில் தயாராக நின்றார்கள். காய்கறிக்காரம்மா ஜன்னலில் தலையை விட்டு, “ஏறு ஏறு, அப்புறம் கதை பேசலாம்! ஏய் பெரிய மீசை, ஒன்னைத்தான், பையைத் தூக்கி உள்ள போடு!” என்று கத்தினார். கீழே நிற்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். எப்போதும் ஆடி அசைந்து ஏறும் ஜனங்கள் அன்றைக்கு நெருப்பை மிதித்த மாதிரி ஏறினார்கள். ஒரு பெரியவர் தன் ஸ்டாப் வந்தும் இறங்கவில்லை. “நான் டவுன் வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பறேன். இந்த வேடிக்கையை விட முடியுமா?” என்றார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். இடம் கொடுத்தும் உட்காரவில்லை. இன்னொரு கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். அது அடிக்கவே இல்லை.

அலுவலகக் கூரை தெரிந்தது. கொடி இல்லை. பஸ் வாசலிலேயே நின்றது. பெரியம்மா இறங்கி அலுவலக வாசற்படியில் நின்று, வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். கூரையில் இருந்த கொடிக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், கொடி தடதடவென்று ஏறியது. பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அறைக்குள் நாங்கள் போனபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

துணைத்தலைவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலி தன் வேலையைச் செய்திருந்தது, மேசை மார்பு அளவுக்கு வரும்வரை அவர் இறங்கியிருந்தார். மசோதா மேசைமேல். கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்.

“நீங்க தாண்டிட்டீங்கன்னு போன் வந்துச்சே” என்றார்.

“காரு தாண்டுச்சு. நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே எறங்கிட்டேன். காவலரைக் கேளுங்க. ஒரு பஸ் நிறைய ஆள் வாசல்ல நிக்கிறாங்க, அவங்களையும் கேளுங்க.” பெரியம்மா செயலாளரைப் பார்த்தார். “தலைவர் எல்லைக்குள்ள இருக்கும்போது துணைத்தலைவர் போட்ட கையெழுத்துக்கு என்ன பேரு?”

செயலாளர் யோசித்தார். “மை செலவும்மா” என்றார்.

துணைத்தலைவர் எழுந்தார். “பெத்த பொண்ணை அம்போன்னு விட்டுட்டு வந்திருக்கீங்க. ஒரு நாலு காலி பஸ்ஸுக்காக. நாளைக்கு ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும். துப்பறதுக்கும் பஸ் ஏறித்தான் டவுனுக்கு வரணும்.”

கடிகாரம் அடித்தது. ஐந்து. செயலாளர் மசோதாவை எடுத்து உறையில் போட்டு, அவைக்குத் திருப்பி அனுப்பும்படி முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. அம்மா.

“பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“அவகிட்ட குடு.”

“வாங்க மாட்டேங்கறா.”

பெரியம்மா போனைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டார். பிறகு துணைத்தலைவரிடம் திரும்பினார். “நான் ஆத்தைத் தாண்டிப் போறேன். இப்ப நிஜமாவே போறேன். கொடியை எறக்கச் சொல்லுங்க. நாற்காலி உங்களுக்குத்தான், ஆசை தீர ஒக்காருங்க. மெதுவா கீழ போகும், பயந்துராதீங்க.”

அதே பஸ் திரும்பிப் போக வாசலில் நின்றது. அதில்தான் பாலம்வரை போனோம். மாமா காரைத் திருப்பிக் கொண்டுவந்து அங்கே காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெரியம்மா கட்டில் ஓரத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

“நாளைக்கு இவ பெரிசானதும் கேப்பா. அம்மம்மா ஏன் வரலைன்னு. என்ன சொல்லுவே?” என்றாள் அக்கா, திரும்பாமலே.

“வரலைன்னுதான் சொல்லுவேன். வந்தேன், பாதியில எறங்கிட்டேன்னு சொல்லுவேன். மாத்திச் சொல்ல மாட்டேன்.”

“சாமர்த்தியம்தான்.”

“சாமர்த்தியம் இல்லடி. வேலை.”

அக்கா ரொம்ப நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆற்றங்கரை பஸ்ஸில் வந்திருந்தாள். “கோவம் போகல” என்றாள். “பஸ் ஓடுதான்னு பாக்க வந்தேன்.” பெரியம்மா கையை நீட்டினார். அக்கா குழந்தையைக் கொடுத்தாள். கோபத்தைக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அடுத்த தேர்தலில் பெரியம்மா தோற்றுப்போனார். பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மறுபடி நிறுத்தப் பார்ப்பார்கள். அப்போது பெரியம்மா கத்துவார். நானும் சேர்ந்து கத்துவேன்.

அந்த நேர்காணல்காரர்களிடம் இப்போது யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போனால் பதில் சொல்வேன். மாகாணத் தலைவருக்கு என்ன வேலை என்றால், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதும், அவசரத்திலும் ஸ்டாப்பில் நிறுத்துவதும், அதற்காக வீட்டில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைத் தாங்குவதும்தான். ரிப்பனைத் தையல்காரரே வெட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊரில் இந்தக் கதை இரண்டு விதமாக உலவுகிறது. நாற்காலி ஆசையில் மகளையே கைவிட்டவர் என்கிறார்கள் ஒரு பக்கம். காலிக் காரை அனுப்பி எதிரியை ஏமாற்றிய கெட்டிக்காரி என்கிறார்கள் இன்னொரு பக்கம். இரண்டும் பொய். ஆகவே இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னாலும் போதும். சொல்லும்போது பெரியம்மாவைக் கெட்டிக்காரி ஆக்கிவிடாதீர்கள். எல்லா ஸ்டாப்பிலும் பஸ் நின்றதை விட்டுவிடாதீர்கள். குழந்தை பிறந்தபோது அவர் அங்கே இல்லை என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.